உள்ளே போனது சிவப்பு, வெளியே வந்தது பச்சை

கேமரா மூடியைக் கவ்விக்கொண்டு பஞ்சவர்ணக்கிளி பறந்துவிட்டது.

"ஏய்! ஏய்! அது திங்கிற பொருள் இல்ல!" என்று கத்திக்கொண்டே சித்தி பின்னால் ஓடினாள். கிளி உயரமான கிளையில் போய் உட்கார்ந்தது. மூடியை ஒரு காலால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஓரத்தைக் கடித்துப் பார்த்தது. ருசி பிடிக்கவில்லை போலிருக்கிறது. 'டொக்'கென்று சித்தியின் தலையிலேயே போட்டது.

குண்டூசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரி, நல்லா சிரி. உன் முறை வரும்போது தெரியும்" என்று தலையைத் தேய்த்துக்கொண்டாள் சித்தி.

குண்டூசி என்பது வீட்டில் வைத்த பெயர். ஆள் ஒல்லி. அதோடு எதைக் கண்டாலும் 'ஏன்? எதுக்கு? எப்படி?' என்று குத்திக் குத்திக் கேட்பாள். பெயர் எப்படியோ பள்ளிக்கூடம் வரைக்கும் பரவிவிட்டது. இப்போது அவளுடைய ஆசிரியைகூட வருகைப் பதிவின்போது சில சமயம் 'குண்டூ...' என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொள்வார்.

சித்தி புகைப்படம் எடுப்பதையே வேலையாகக் கொண்டவள். இந்தத் தடவை அவளுக்குக் கிடைத்தது வேடிக்கையான வேலை. ஊர்ப் பூங்காவில் புதிதாகப் பறவைக்கூடம் ஒன்று கட்டியிருந்தார்கள். நாலைந்து வீடுகளை ஒன்றாகச் சேர்த்தது போன்ற பெரிய கூடம். கூரையும் சுவரும் வலை. உள்ளே உண்மையான மரங்கள், ஒரு சின்னக் குளம், நடப்பதற்கு ஒரு மரப்பாலம். நுழைவதற்கு இரண்டு கதவுகள். முதல் கதவைச் சாத்திய பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் பறவைகள் நம்மோடு சேர்ந்து வெளியே நடந்து வந்துவிடும்.

உள்ளே மொத்தம் பதினெட்டு வகைப் பறவைகள். ஒவ்வொரு வகைக்கும் படத்தோடு ஒரு பெயர்ப்பலகை வைக்க வேண்டும். படங்களைச் சித்தி எடுக்க வேண்டும். பள்ளி விடுமுறை என்பதால் குண்டூசி உதவியாளர். சித்தியின் பழைய கேமரா ஒன்று அவள் கழுத்தில் தொங்கியது.

பறவைகளைப் படம் எடுப்பது மனிதர்களைப் படம் எடுப்பது போல இல்லை. 'கொஞ்சம் இப்படித் திரும்புங்க' என்றால் திரும்பாது. தலையில் நீலக் கொண்டை வைத்த புறா, கேமராவைக் கண்டதும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வானவில் நிறத்துச் சின்னக் கிளிகளோ, கிளிக் சத்தம் கேட்கும் முன்பே அடுத்த மரத்துக்குப் போயிருந்தன. ஒரு மணி நேரத்தில் சித்தியிடம் இருபத்தாறு வால்களும் ஒன்பது வெறுங்கிளைகளும் சேர்ந்திருந்தன.

"இப்படியே போனா பலகையில 'இங்கே ஒரு பறவை இருந்தது'ன்னுதான் எழுதணும்" என்று சித்தி புலம்பினாள். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "பதினாலு, பச்சைக் கிளி. பதினஞ்சு, சிவப்புக் கிளி. இந்தச் சிவப்பு அந்த மரப்பொந்தை விட்டு வெளியவே வராதாம். நீ போய் அதுக்கு எதிர்ல உக்காரு. தலையை நீட்டுச்சுன்னா உடனே எடு. உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தி."

"எனக்கா?"

"வேற யாரும் இல்லையே!"

குண்டூசி மரப்பாலத்தின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

எதிரில் ஒரு பருத்த அடிமரம். அதில் மனிதத் தலை அளவுக்கு ஒரு பொந்து. பொந்தின் வாயில் அந்தச் சிவப்புக் கிளி நின்றிருந்தது. அப்பா, என்ன சிவப்பு! தலையும் மார்பும் அப்போதுதான் சாயம் பூசியது போல இருந்தன. வயிற்றில் கருநீலப் பட்டை. அலகு கன்னங்கரேல் என்று இருந்தது.

'கிளிக்.'

ஒரு படம்தான். கிளி விருட்டென்று உள்ளே போய்விட்டது.

குண்டூசி காத்திருந்தாள். கால் மரத்துப்போனது. மாற்றி உட்கார்ந்தாள். இன்னொரு காலும் மரத்துப்போனது. பொந்தில் ஏதோ அசைந்தது. கேமராவைத் தூக்கினாள்.

பொந்திலிருந்து எட்டிப் பார்த்தது ஒரு பச்சைத் தலை!

அவள் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தாள். பச்சைதான். புது இலைப் பச்சை. அலகுகூடக் கறுப்பாக இல்லை, ஆரஞ்சு நிறம். அது சாவகாசமாக வெளியே வந்து, சிறகை உதறி, தீனித் தட்டு இருக்கும் பக்கமாகப் பறந்து போனது.

"சித்தி!"

"என்ன, எடுத்துட்டியா?"

"சித்தி, உள்ள போனது சிவப்பு. வெளிய வந்தது பச்சை!"

சித்தி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "வெயில்ல ரொம்ப நேரம் உக்காந்துட்ட. தண்ணி குடி."

குண்டூசி தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து பார்த்தால், பொந்தில் சிவப்புத் தலை!

இப்போது அவளுக்குத் தலை சுற்றியது. பச்சை உள்ளே போகவே இல்லையே! பின்னால் வேறு வழி இருக்கிறதா? மரத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். ஓட்டை எதுவும் இல்லை.

கேமரா கெட்டுவிட்டதோ? தன் சட்டையைப் படம் எடுத்துப் பார்த்தாள். மஞ்சள் சட்டை, படத்திலும் மஞ்சள். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது.

அப்படியென்றால், கெட்டுப்போனது தன் கண்ணா?

அவள் குழம்பிக்கொண்டிருக்கும்போதே பச்சைக் கிளி மறுபடி வந்தது. பொந்தின் வாயில் சிவப்பும் பச்சையும் நேருக்கு நேர் நின்றன. பச்சை கழுத்தை நீட்டிச் சிவப்பின் அலகைத் தன் அலகால் கவ்வியது. இரண்டும் தலையை மேலும் கீழும் ஆட்டின.

'கிளிக்.'

"அடடா! இதுதான்டி படம்!" என்றாள் சித்தி, கேமராவின் சின்னத் திரையில் பார்த்துவிட்டு. "ரெண்டு கிளியும் எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு. இன்னைக்கு நான் எடுத்த எதுவும் இதுக்குக் கால் தூசி ஆகாது."

அப்போ, கிளிகள் இரண்டுதான். கண் கெடவில்லை. குண்டூசிக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் கொஞ்சம்தான். பச்சை எப்போது உள்ளே போனது? சிவப்பின் வீட்டில் அதற்கு என்ன வேலை?

வீட்டுக்குப் போனதும், எதற்கும் இருக்கட்டுமே என்று, அப்பாவிடம் ஒரு துண்டைக் காட்டினாள். "அப்பா, இது என்ன நிறம்?"

"பச்சை."

"இந்த வாளி?"

"சிவப்பு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. என் கண்ணும் அதையேதான் சொல்லுது."

அப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி தோளைக் குலுக்கினாள். நடந்ததைக் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "பொந்துக்குள்ள போய் சட்டை மாத்திக்கிட்டு வருதோ என்னவோ."

யாருமே சரியாகப் பதில் சொல்வதில்லை என்று குண்டூசி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, படங்களைக் காட்டுவதற்காகப் பறவைக்கூட மேலாளரின் அறைக்குப் போனார்கள். மேலாளர் எல்லாவற்றையும் மஞ்சள் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பவர். சுவரே தெரியவில்லை. மின்விசிறியைப் போட்டால் அறை முழுவதும் படபடவென்று சத்தம் கேட்டது.

"இந்தப் பறவைங்க எல்லாம் ஒரு பழைய தோட்டத்துலேர்ந்து வந்தது. அந்தத் தோட்டத்தை மூடிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே மேலாளர் படங்களைப் புரட்டினார். "பெட்டியோட வந்த தாள் எல்லாம் மழையில நனைஞ்சு மை ஊறிப்போச்சு. சிலதோட பேரே தெரியல. அதனாலதான் நம்பர் போட்டு வெச்சிருக்கேன். பறவை டாக்டர் அடுத்த மாசம் வரும்போதுதான்..."

அவர் சட்டென்று நிறுத்தினார். கையில் குண்டூசி எடுத்த படம்.

"இதை யார் எடுத்தது?"

"நான்தான், மேடம்" என்றாள் குண்டூசி, பெருமையாக.

"சபாஷ்! ஒரு மாசமா நான் தேடிக்கிட்டிருந்த சாட்சி இதுதான்!" மேலாளர் கதவுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். பறவைகளுக்குத் தீனி போடும் அண்ணன் வாளியோடு வந்து நின்றார். "இங்க பாருங்க. நீங்க சொன்னது சரியாப் போச்சு. வாயிலேர்ந்தே பிடுங்குது!"

தீனிக்கார அண்ணன் படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நான்தான் அப்பவே சொன்னேனே மேடம், அந்தப் பச்சை சரியான திருடன்னு. சிவப்புக்குன்னு மரத்துக்குக் கீழ தனியாத் தட்டு வெக்கிறேன். அதையும் இவனே காலி பண்றான். தன் தட்டையும் காலி பண்றான். அந்தச் சிவப்பு பாவம், பயந்துக்கிட்டு வெளியவே வர்றதில்ல."

"வெள்ளிக்கிழமை வண்டி வரச் சொல்றேன். பச்சையைப் பிடிச்சு வேற ஊர் பறவைக்கூடத்துக்கு அனுப்பிடலாம்" என்றார் மேலாளர். ஒரு மஞ்சள் சீட்டில் எழுதினார்: '14. பச்சை. வெள்ளி. வண்டி.' சுவரில் ஒட்டினார்.

குண்டூசியின் முகம் மாறிவிட்டது. "மேடம், அது திருடுதுன்னு எனக்குத் தெரியாது. நான் சும்மா படம்தான் எடுத்தேன்."

"அதனால என்னம்மா? படம் பொய் சொல்லுமா?"

படம் பொய் சொல்லாதுதான். ஆனால் அது என்ன சொல்கிறது என்பதே அவளுக்கு இன்னும் புரியவில்லையே! தான் எடுத்த ஒரு படத்தால் ஒரு கிளி ஊரைவிட்டுப் போகப்போகிறது. அது மட்டும் நன்றாகப் புரிந்தது.

"சித்தி, அது நிஜமாவே பிடுங்குதா?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"படத்துல அப்படித்தான் தெரியுது."

"கொடுக்கிற மாதிரியும் தெரியுதே."

சித்தி மறுபடி பார்த்தாள். படத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தாள். "ஆமாம்... இல்ல... ம்ஹூம். ரெண்டு மாதிரியும் தெரியுது. என்னையும் சேர்த்துக் குழப்பாதே. எனக்கு இன்னும் பதினோரு பறவை பாக்கி."

குண்டூசி அதற்குமேல் கேட்கவில்லை. மரப்பாலத்தில் அதே இடத்தில் போய் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அழகான படம் எடுக்க அவள் வரவில்லை. பொந்தருகே என்ன நடந்தாலும் ஒரு படம். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் நேரம். பறவை முகத்தைக் காட்டினாலும் சரி, வாலைக் காட்டினாலும் சரி.

'9.10. பச்சை, கீழ்த் தட்டில் பப்பாளி தின்கிறது.'

'9.18. பச்சை பொந்துக்கு வந்தது. அலகோடு அலகு.'

'9.20. பச்சை போய்விட்டது.'

'9.41. பச்சை மறுபடி வந்தது. உள்ளேயே போய்விட்டது!'

அந்தக் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள். நேற்று, தான் கால் மாற்றி உட்கார்ந்த நேரத்தில் அது இப்படித்தான் நுழைந்திருக்க வேண்டும். ஒரு குழப்பம் தீர்ந்தது.

தீனிக்கார அண்ணன் அந்தப் பக்கமாக வந்தார். "என்ன பாப்பா, திருடனுக்குக் காவலா?"

"அண்ணா, சிவப்பு இன்னைக்குக் கீழ இறங்குச்சா?"

"எங்க இறங்கும்? நான் வாரக்கணக்காப் பார்க்கிறேன், தட்டுப் பக்கமே வர்றதில்ல."

"அப்ப அது எதைத் தின்னு உயிரோட இருக்கு?"

தீனிக்கார அண்ணன் தலையைச் சொறிந்தார். "அதானே?" என்றவர், கையிலிருந்த வாளியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எனக்கு வேலை கிடக்கு பாப்பா" என்று போய்விட்டார். இப்போது அவருக்கும் குழப்பம்.

மாலைக்குள் நோட்டில் பன்னிரண்டு வருகைகள் சேர்ந்துவிட்டன. திருடுகிற ஆள் ஒரே வீட்டுக்கு ஒரு நாளில் பன்னிரண்டு தடவை வருவானா? அப்படியே வந்தாலும், வீட்டுக்காரி வாசலில் வந்து நின்று அவனுக்காகக் காத்திருப்பாளா? சிவப்பு ஒரு தடவைகூடக் கத்தவில்லை, கொத்தவில்லை. ஆனால் 'அது பயந்து போயிருக்கு' என்று மேலாளர் சொல்லிவிட்டால்?

வியாழக்கிழமையும் குண்டூசி நாள் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வீட்டில் சித்தியின் கணினியில் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. திரும்பவும் ஒன்று, இரண்டு, மூன்று.

"கண்ணு வலிக்கப் போகுது" என்றாள் சித்தி.

"சித்தி, இங்க வா. இந்தக் கறுப்பு அலகைப் பெரிசாக்கு."

சித்தி முதல் படத்தைப் பெரிதாக்கினாள். பொந்தின் வாயில் சிவப்புக் கிளி. அலகு பளிச்சென்ற கறுப்பு.

"இப்ப ரெண்டாவது."

அலகோடு அலகு.

"மூணாவது."

பச்சை போய்விட்டது. சிவப்பு மட்டும். அதன் கறுப்பு அலகின் நுனியில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது.

"பப்பாளி!" என்றாள் குண்டூசி. "சித்தி, இது பப்பாளி! முதல் படத்துல இல்ல. மூணாவதுல இருக்கு. சிவப்பு கீழயே வரல. பப்பாளி எங்கேர்ந்து வந்துது?"

சித்தி கணினிக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். "பச்சையோட அலகுல ஏன் தெரியல?"

"அதோட அலகே பப்பாளி நிறம்தானே! ஒட்டியிருந்தாலும் எப்படித் தெரியும்?"

சித்தி படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அது பிடுங்கல. ஊட்டுது."

"ஆனா ஏன் ஊட்டுது? அது வேற கிளி, இது வேற கிளி. ஏன் ஊட்டணும்?"

"அது எனக்குத் தெரியாதுடி."

தெரியாவிட்டால் போகட்டும். சித்தி அன்றைக்கே படங்களை அச்சிட்டுக் கொடுத்தாள். காலையில் முதல் வேலையாக மேலாளரிடம் காட்டுவது என்று முடிவு.

ஆனால் வெள்ளிக்கிழமை காலை அவர்கள் போனபோது வண்டி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. பறவைக்கூடத்துக்குள்ளிருந்து ஒரே அலறல். இரண்டு கதவுகளையும் தாண்டி உள்ளே ஓடினாள் குண்டூசி. நல்லவேளை, முதல் கதவைச் சாத்த மறக்கவில்லை.

காற்றுத் துளைகள் போட்ட மரப்பெட்டி ஒன்று பாலத்தின்மேல் இருந்தது. அதற்குள்ளிருந்து பச்சை இறகுகள் தெரிந்தன. பக்கத்தில் நீளக் கைப்பிடி வலையோடு தீனிக்கார அண்ணன். முகம் வாடியிருந்தது. மேலாளர் கையில் மஞ்சள் சீட்டு.

அலறியது பச்சை இல்லை. பொந்தைவிட்டு வராத அந்தச் சிவப்புக் கிளி! வெளியே வந்து, பெட்டிக்கு மேலே இருந்த கிளையில் நின்றுகொண்டு, அலகைத் திறந்து அலறியது. பொந்துக்குப் பறந்தது. உடனே கிளைக்குத் திரும்பி வந்தது. மறுபடி பொந்து. மறுபடி கிளை. எங்கே இருப்பது என்று அதற்கே தெரியவில்லை.

"மேடம், கொஞ்சம் இருங்க!" குண்டூசி மூச்சிரைக்க வந்து பெட்டிக்கு முன்னால் நின்றாள். "நான் எடுத்த படத்தை நானே தப்பாச் சொல்லிட்டேன். இல்ல, நான் ஒண்ணுமே சொல்லல. படம் ஒண்ணுதான் இருந்துது, அதான் தப்பு. மிச்சத்தையும் பாருங்க."

பாலத்தின் பலகைமேலேயே படங்களை வரிசையாக வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். மேலாளர் குனிந்தார். கறுப்பு அலகு. அலகோடு அலகு. கறுப்பு அலகில் ஆரஞ்சு.

"இது என்ன, அழுக்கா?"

"பப்பாளி, மேடம். இது காலைல ஒன்பதே கால் வாக்குல. இது பதினொண்ணு. இது ரெண்டு மணி. எல்லாத்துலயும் அப்படித்தான். பச்சை வர்றதுக்கு முன்னால அலகு சுத்தம். போன பிறகு பப்பாளி."

தீனிக்கார அண்ணன் வலையைக் கீழே வைத்துவிட்டார். "மேடம், இந்தப் பாப்பா புதன்கிழமை ஒரு கேள்வி கேட்டுச்சு. சிவப்பு எதைத் தின்னு உயிரோட இருக்குன்னு. ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல."

மேலாளர் படங்களைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கத்திக்கொண்டிருந்த சிவப்பைப் பார்த்தார். கையிலிருந்த மஞ்சள் சீட்டையும் பார்த்தார். "ஒண்ணும் புரியலையே" என்றார். அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதே இல்லை.

"புரியலன்னா, டாக்டரைக் கேக்கலாமே, மேடம்?" என்றாள் குண்டூசி.

சித்தி தன் கைபேசியில் படங்களை அனுப்பினாள். மேலாளர் பறவை டாக்டரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

டாக்டர் முதலில் சிரித்தார். "அட, எக்லெக்டஸ் கிளி! உங்ககிட்ட ஜோடியாவே இருக்கா? பச்சை ஆண், சிவப்பு பெண்."

"ரெண்டும் ஒரே கிளியா? நான் பதினாலு, பதினஞ்சுன்னு தனித்தனி நம்பர் போட்டிருக்கேனே!"

"ஒரே இனம்தாம்மா. கவலைப்படாதீங்க. அந்தக் காலத்துல பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரங்களே இதை ரெண்டு இனம்னு எழுதி வெச்சுட்டாங்க. பெண் கிளி முட்டை மேல உக்காந்தா பொந்தை விட்டு அசையாது. ஆண் கிளிதான் தின்னுட்டு வந்து வாயில ஊட்டும். ரெண்டு பேருக்கும் சேர்த்துத் தின்ன வேண்டாமா?" டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். "அது சரி, பின்னால யார் அப்படிக் கத்தறது?"

எல்லோரும் மேலாளரைப் பார்த்தார்கள்.

"பெண் கிளி, டாக்டர்" என்றாள் குண்டூசி. "ஆண் கிளியைப் பெட்டியில போட்டிருக்கு."

"பெட்டியிலயா? எந்தப் புத்திசாலி அப்படிப் பண்ணினது? உடனே திறந்து விடுங்க! முட்டை ஆறிடப் போகுது!"

அந்தப் புத்திசாலி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தானே குனிந்து பெட்டியின் தாழ்ப்பாளைத் திறந்தார்.

பச்சைக் கிளி வெளியே வந்தது. இறகுகள் கலைந்து, தலை தூக்கியபடி எல்லோரையும் ஒரு முறை முறைத்துப் பார்த்தது. பிறகு நேராகத் தட்டுக்குப் போய்ப் பப்பாளியை அள்ளி அள்ளித் தின்னத் தொடங்கியது.

"பாத்தீங்களா? இப்பவும் தின்னத்தான் பாக்கிறான்" என்று தீனிக்கார அண்ணன் சொல்லி வாய் மூடவில்லை. அது எழும்பிப் பறந்தது. சிவப்பு அதற்கு முன்பே பொந்துக்குள் போயிருந்தது. பச்சை வாசலில் நின்று கழுத்தை நீட்டியது. உள்ளிருந்து சிவப்புத் தலை வந்தது. அலகோடு அலகு. இரண்டும் மேலும் கீழும் தலையாட்டின.

சித்தி கேமராவைத் தூக்கி, பிறகு என்ன நினைத்தாளோ, குண்டூசியின் தோளைத் தட்டி, "நீ எடு" என்றாள்.

குண்டூசி எடுத்தாள். ஒன்று இல்லை. வரிசையாக ஏழு.

வெளியே வந்ததும் மேலாளர் வண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினார். அறைக்குப் போய்ச் சுவரிலிருந்து '14. பச்சை' என்ற சீட்டைக் கிழித்தார். '15. சிவப்பு' சீட்டையும் கிழித்தார். புதுச் சீட்டில் ஏதோ எழுதத் தொடங்கி நிறுத்தினார்.

"பதினெட்டு வகைன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன். இப்ப பதினேழா ஆயிடுச்சே?" என்றார் குழப்பமாக.

"கூடத்துல பறவை குறையலையே, மேடம்" என்றாள் குண்டூசி. "கூடத்தான் போகுது."

மூன்று வாரம் கழித்து, தீனிக்கார அண்ணன் போன் செய்தார். என்ன சொன்னார் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. அவ்வளவு வேகமாகப் பேசினார். குண்டூசியும் சித்தியும் பறவைக்கூடத்துக்கு ஓடினார்கள்.

பொந்தின் அடியில் டாக்டர் நின்றிருந்தார். உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பொந்துக்குள்ளிருந்து மிக மெல்லிய சத்தம். கீச். கீச். கொஞ்சம் இடைவெளி விட்டு, இன்னொரு குரலில், கிச்.

"ரெண்டு குஞ்சு" என்றார் டாக்டர் கிசுகிசுப்பாக.

"பச்சையா? சிவப்பா?" என்று தீனிக்கார அண்ணன் கேட்டார்.

"இறகு முளைச்சாதான் தெரியும். அதுக்கு இன்னும் நிறைய வாரம் ஆகும்."

"ரெண்டும் பச்சைதான். என் வாக்கு பலிக்கும்" என்றார் தீனிக்கார அண்ணன்.

"ரெண்டும் சிவப்பு" என்றாள் சித்தி.

"நீ என்ன சொல்ற?" என்று எல்லோரும் குண்டூசியைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியல" என்றாள் குண்டூசி. சொல்லிவிட்டுச் சிரித்தாள். இந்தத் 'தெரியல' அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த நேரம் பெயர்ப்பலகை எழுதுகிறவர் தூரிகையும் டப்பாக்களுமாக வந்து சேர்ந்தார். குண்டூசி எடுத்த ஏழு படங்களில் ஒன்றை மேலாளர் அவரிடம் கொடுத்தார்.

"ரெண்டு கிளி இருக்கே. ரெண்டு பலகையா, மேடம்?"

"ஒரே பலகைதான்" என்றார் மேலாளர். பொந்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "கீழ மட்டும் கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்க."